அச்சில் வந்த எடை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் என் தம்பி மகனைப் பயிற்சி மைதானத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கதையை நிறுத்தினேன். பிள்ளை எழுந்தானா இல்லையா என்று சொல்லாமல் போய்விட்டாயே, நீயெல்லாம் ஒரு அத்தையா என்று கேட்காதவர்கள் கிடையாது. எழுந்தான். முகத்தில் ஐஸ் தண்ணீர் பட்டதும் எழுந்து உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல, வெயில்" என்றான்.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொன்சுவேலோ. ஊர் சாந்தா ரீத்தா, டெக்ஸஸின் தென்கோடி, ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிகோ. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் பரிமாறிவிட்டு ஓய்வு பெற்றவள். தம்பி ரொஹேலியோ. அவன் மனைவி மாரிசெலா. மகன் எலிசேயோவுக்குப் பதினாறு வயது.

எலிசேயோ என்று அவனைக் கூப்பிடுவது வாத்தியார்கள் மட்டும்தான். எங்களுக்கு அவன் கோர்தோ, அதாவது குண்டன். எங்கள் பக்கத்தில் இது திட்டு இல்லை, செல்லம். வீட்டுக்கு ஒரு கோர்தோ உண்டு. கைக்குழந்தையில் கன்னத்தைக் கிள்ளி வைக்கிற பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மயங்கி விழுந்த பையன் டாக்டர் கையெழுத்து இல்லாமல் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பள்ளிச் சட்டம். அதுவும் எந்த வாரத்தில் விழுந்தான் பாருங்கள். இந்த வெள்ளிக்கிழமை பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிற ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் காலத்தில் ஹெல்மெட் மாட்டி முட்டி மோதி ஆடிய ஃபுட்பால்காரர்கள் ஒவ்வொருவராக மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். தங்கள் எண்ணை இப்போது எந்தப் பையன் போட்டிருக்கிறானோ அவன் தோளில் கை வைத்து நிற்பார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும்.

ரொஹேலியோவின் எண் அறுபத்து நாலு. முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தள்ளுகிற இடம். கோர்தோவுக்கும் அதே இடம். அதே எண் இந்த வருடம்தான் அவனுக்குக் கிடைத்தது. சர்க்கரையில் இடது காலில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் கம்பு ஊன்றி நடக்கிற என் தம்பி, ஒரு மாதமாகச் சமையலறைக்கும் வாசலுக்கும் கம்பில்லாமல் நடந்து பழகிக்கொண்டிருந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை மாரிசெலா மகனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் சலினாஸ் எங்கள் ஊர்ப் பெண். மூன்றாம் வகுப்பில் தட்டில் அவரையை ஒதுக்கி வைத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் ஓடுகிறவள். இப்போது வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக என்னைப் பார்த்துவிட்டு, "இப்ப அவரை சாப்பிடறேன் அத்தை" என்றாள். நம்பவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

மருத்துவமனைப் படிவத்தில் எடை என்ற இடத்தில் மாரிசெலா இருநூற்று அறுபத்தெட்டு பவுண்டு என்று எழுதியிருந்தாள். யாரைக் கேட்டு எழுதினாள்? ஆட்டத்தன்று விற்கிற புத்தகத்தில் ஒவ்வொரு பையன் பெயருக்கும் எதிரே உயரமும் எடையும் போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதினாள். அச்சில் வந்தால் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது.

தராசு முந்நூற்றுப் பதினெட்டு காட்டியது. கம்ப்யூட்டர் அதையே கிலோவில் நூற்று நாற்பத்து நாலு என்றது.

மாரிசெலா முதலில் தராசைச் சந்தேகப்பட்டாள். பிறகு ஷூவைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதும் முந்நூற்றுப் பதினாறு ஆனது. கோர்தோ காலுறையோடு நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாதத்தை அவன் பிறந்த அன்று நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருமுவது மாதிரி சமாளித்தேன்.

அடுத்தது ரத்த அழுத்தம். டாக்டர் இரண்டு கையிலும் பார்த்தாள், பத்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தாள், எழுதிக்கொண்டாள். பிறகு கோர்தோவிடம் துண்டை எடுக்கச் சொன்னாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். மாரிசெலா முந்திக்கொண்டு பேசினாள்.

"தினம் ரெண்டு வேளை குளிக்கிறான் டாக்டர். நானே எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் தேய்க்கிறேன். ஹெல்மெட் வார் உரசி உரசி அப்படி ஆயிடுச்சு."

துண்டு போனது. பின்கழுத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாக, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. அது முந்தின நாள் தேய்த்தது.

டாக்டர் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அழுக்கு இல்லைங்க. தேய்ச்சாப் போகாது. உடம்புக்குள்ள சர்க்கரை ஒழுங்கா வேலை செய்யலைன்னா சில பேருக்குத் தோல் இப்படிக் கறுக்கும். அஞ்சாம் வகுப்புலயும் ஏழாம் வகுப்புலயும் பள்ளிக்கூட நர்ஸ் எல்லாப் பிள்ளைங்க கழுத்தையும் பாப்பாங்களே, வீட்டுக்குக் கடுதாசி அனுப்புவாங்களே. உங்களுக்கு வரலையா?"

"வரல" என்றாள் மாரிசெலா.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஏழு புள்ளி நாலு என்று வந்தது. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை வியாதிதான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாள். மாத்திரை, இன்னும் சில ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து மறுபடி அழுத்தம் பார்ப்பது. அது இறங்கினால் விளையாடலாம், நன்றாக விளையாடலாம், ஓடுவது அவனுக்கு நல்லதும்கூட. ஆனால் இந்த வெள்ளிக்கிழமைக்கு அவள் கையெழுத்துப் போடமாட்டாள்.

வெளியே வரும்போது என்னை மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "நான் படிக்கிறப்போ இதைப் பெரியவங்க வியாதின்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க அத்தை. இந்த வாரத்துல இவன் நாலாவது பையன்" என்றாள்.

கோர்தோவைப் பள்ளியில் இறக்கிவிட்டோம். துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு, கையை ஆட்டிவிட்டுப் போனான். பள்ளி வாசலைத் தாண்டி அடுத்த திருப்பத்தில் மாரிசெலா வண்டியை ஓரங்கட்டினாள். ஒருகாலத்தில் அந்த இடம் முழுக்க ஆரஞ்சுத் தோப்பு. பிப்ரவரியில் பூ வாசனை வகுப்பறை வரை வரும். இப்போது கார் கழுவுகிற கடையும், ஜன்னல் வழியாகவே பொட்டலம் நீட்டுகிற இரண்டு சாப்பாட்டுக் கடையும் இருக்கின்றன.

"கடுதாசி வந்துச்சுக்கா" என்றாள்.

ஐந்தாம் வகுப்பில் வந்ததாம். 'உங்கள் குழந்தையின் கழுத்தில் கருமை காணப்படுகிறது' என்று முதல் வரி. இரண்டாவது வரியில் நர்ஸ் பார்த்ததாக இருந்தது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. மடித்துத் துணி அலமாரிக்கு அடியில் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள்.

பைத்தியமா உனக்கு, மீதியையும் படித்தால் என்ன என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம் லாரி ஏறி வடக்கே மிச்சிகன் போய், செர்ரியும் பீட்ரூட்டும் பறித்துவிட்டு, பள்ளி திறந்து ஒரு மாதம் ஆன பிறகு திரும்பி வருகிற பிள்ளைகள். திரும்பி வந்த அன்றைக்கு எங்களை மட்டும் தனியாக வரிசையில் நிறுத்துவார்கள். நர்ஸ் ஒரு பென்சிலால் தலைமயிரை விலக்கிப் பேன் பார்ப்பாள். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். கையால் தொடமாட்டாள், பென்சில்தான். மாரிசெலாவை இரண்டாம் வகுப்பில் எல்லார் எதிரேயும் கழுத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வயல் வெயிலில் கறுத்த கழுத்து அது. எவ்வளவு கழுவினாலும் என்ன ஆகும்?

"என் பிள்ளைய எவளும் அப்படிச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்கா. அதனாலதான் படிக்கல. ரொஹேலியோகிட்ட சொல்லிடாதே" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். அதைவிட வேறு எதையும் என்னால் அப்போது கொடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் தம்பி சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்து வைத்திருந்தான். ஆட்டப் புத்தகம் அத்தனையும் பரப்பிக் கிடந்தது. ஐம்பது வருடத்துப் புத்தகங்கள். தான் ஆடாத வருடத்தையும் அவன் விட்டதில்லை. அட்டையெல்லாம் பழுத்து, சிலதில் சல்சா சட்னிக் கறை. அந்தக் காகிதத்தை மோந்தாலே எனக்கு வெள்ளிக்கிழமை வந்துவிடும். பலகைப் படிக்கட்டில் குளிர்ந்த கம்பளி, ஈயத்தாளில் சுற்றிய சூடான டாக்கோவை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக் கடித்தது, அப்பா பாதி ஆட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது, எல்லாம்.

டாக்டர் மறுத்துவிட்டாள் என்று மாரிசெலா சொன்னதும் ரொஹேலியோ சத்தம் போடவில்லை. கோச் ஏற்கெனவே போன் செய்துவிட்டாராம். நெடுஞ்சாலை ஓரத்தில் வேறு ஒரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து, ஆறு மணி வரை திறந்திருக்கும், ஐந்து மணிக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான் கோச். பசியோடு இருக்கிற பையனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுகிறவர். வெள்ளிக்கிழமை என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

பேச்சை மாற்றுகிற மாதிரி ரொஹேலியோ எண்பத்தெட்டாம் வருடத்துப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"இங்க பாருக்கா. இருநூத்தஞ்சு பவுண்டு."

"நீ நூத்தி எண்பத்தெட்டுடா. பழக்கொட்டகைத் தராசுல ஏத்திப் பாத்தது நான்தானே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு வயதே ஆகவில்லை. பழைய கோச் பதினேழு பவுண்டு கூட்டிப் போட்டாராம். எதிரணிப் பையன்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டும் என்று எல்லாருக்கும் கூட்டித்தான் போடுவாராம். உண்மையிலேயே எடை ஏறட்டும் என்று தினமும் வகுப்புக்கு முன்னால் மூன்று அவித்த முட்டையும் பாலும் கொடுத்தார். என் தம்பிக்கு ஏறவே இல்லை. எப்படி ஏறும்? பள்ளிக்கு நடை, வீட்டுக்கு நடை, வாய்க்காலில் நீச்சல், சனி ஞாயிறு தோப்பில் கூடை தூக்குவது. அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு ஆரோக்கியம் என்று யாராவது பாட்டுப் பாடினால் எனக்குக் கோபம் வரும். ஆரோக்கியம் ஒன்றும் இல்லை, ஓயாத வேலை. ஆனாலும் அந்த உடம்பு இரவில் எப்படித் தூங்கியது, காலையில் எப்படி எழுந்தது என்பதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் மற்றப் புத்தகங்களையும் திறந்து பார்த்தேன். எழுபத்து நாலில் முன்வரிசை நடுப்பையன் நூற்று அறுபத்தொன்று. என் தம்பி காலத்தில் கூட்டிப் போட்டும் இருநூறுதான். இரண்டாயிரத்து மூன்றில் இருநூற்று நாற்பது. இந்த வருடம் முன்வரிசை ஐந்து பையன்களும் இருநூற்று எழுபதை ஒட்டி. ஒரு பையன் அதிகம் தின்றான் என்று சொல்லலாம். ஐந்து பேர், அடுத்த வருடம் ஐந்து பேர், எதிரணியிலும் ஐந்து பேர் என்றால் யாரைச் சொல்வது? தட்டு நிறையப் போட்ட என்னைச் சொல்லலாம். பீட்சாவும் இனிப்புப் பாலும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேலிடத்திலிருந்து எது வந்ததோ அதைப் போட்டேன். இன்னொரு கரண்டி கேட்டால் போட்டேன். பிள்ளை சிரித்தால் போதும் எனக்கு.

மாரிசெலா இந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்து அறுபத்து நாலு என்ற வரியில் விரலை வைத்தாள்.

"அப்ப இதுலயும் கூட்டித்தான் போட்டிருக்காங்களா? தராசு எப்படி முந்நூத்திப் பதினெட்டு காட்டுச்சு?"

ரொஹேலியோ கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "இப்பல்லாம் குறைச்சுதான் போடுவாங்க" என்றான். "அம்மாங்க பாத்தாப் பயந்துடுவாங்கன்னு."

"உனக்குத் தெரியுமா?"

"முந்நூறைத் தாண்டிட்டான்னு கோச் சொன்னார். கோடைலயே சொன்னார்." கம்பின் பிடியைத் தடவிக்கொண்டான். "எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு மாரி. நமக்கு ஏறாத எடை இவனுக்கு ஏறிடுச்சேன்னு நினைச்சேன்."

மாரிசெலா அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவனைக் குறை சொல்கிற நிலைமையில் அவளும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

நாலரைக்குக் கோர்தோ பள்ளியிலிருந்து வந்தான். பையை வைத்துவிட்டு மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கோச் அவனிடமும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, அதன் பிறகு டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்யலாம் என்று ரொஹேலியோ சொன்னான். கெஞ்சுகிற குரல். என் தம்பி யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"போலாம்ப்பா" என்றான் கோர்தோ. "ஒரு ராத்திரிதானே. எனக்கு ஒண்ணும் ஆகாது."

மாரிசெலா அடுப்பை அணைத்தாள். மேசைக்கு வந்து நின்றாள். உட்காரவில்லை.

"போகக் கூடாது" என்றாள். "முன்னாடியே நான் செஞ்ச தப்பு போதும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்தாம் வகுப்புக் கடிதம், படிக்காத மீதி வரிகள், பென்சில் வைத்திருந்த நர்ஸ், ஐந்து வருட எலுமிச்சம்பழம். கணவனைப் பார்த்துச் சொல்லவில்லை, மகனைப் பார்த்தே சொன்னாள். அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால் இன்றைக்கு இந்த நம்பர் வந்திருக்காது, உன்னைக் குளிக்காத பிள்ளை என்று நானே எத்தனை தரம் வைதிருக்கிறேன், என்னை மன்னித்துவிடு கண்ணு என்றாள். ரொஹேலியோ எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

கோர்தோ கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தான்.

"ஏழாம் வகுப்புலயும் ஒண்ணு வந்துச்சும்மா" என்றான். "அதை என் கையிலதான் கொடுத்தாங்க. நான் முழுசாப் படிச்சேன். பின்பக்கமும் படிச்சேன்."

அவன் துண்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே மேலே சொன்னான்.

"அந்த வாரம்தான் அப்பா விரலை எடுத்துட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தார். நீ சமையலறையில உக்காந்து அழுதுட்டு இருந்தே. வீட்டுல இன்னொரு சர்க்கரை வேண்டாம்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

"தெரிஞ்சுமாடா மூணு வருஷமா என்னைத் தேய்க்க விட்டே? ரத்தம் வர்ற மாதிரி தேய்ச்சேனேடா."

"தேய்ச்சாப் போயிடும்னு நீ நம்பினேம்மா" என்றான். "நீ தேய்க்கிறப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. போயிடும்னு."

மாரிசெலா அவன் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். அவள் கை தன் போக்கில் அவன் பின்கழுத்துக்குப் போனது. தேய்க்கவில்லை. அப்படியே வைத்திருந்தது. பதினாறு வயதுப் பையன், முந்நூற்றுப் பதினெட்டு பவுண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அழுதான்.

வாசலில் கோச்சின் வண்டி வந்து நின்று ஒருதரம் ஹாரன் அடித்தது. மணி ஐந்து.

கோர்தோ முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். என்ன சொன்னாலும் கேட்கிற முகம் அது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ உக்காரு எலிசேயோ" என்றான் ரொஹேலியோ.

அவன் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குத்தான். கோர்தோவே ஒரு கணம் யாரைச் சொல்கிறார் என்று விழித்தான். என் தம்பி எழுந்து, கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். ஒரு மாதமாகக் கம்பில்லாமல் நடந்து பழகியவன், ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி இறங்குகிற சத்தம் உள்ளே எங்களுக்குக் கேட்டது.